அப்பாவுக்கு ஹொக்கி காட்ட எந்த பைனாகுலர்?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. 1991இல் கனடா வந்து, இரவு வேலைக்குப் போன தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து ஐஸ் ஹொக்கி பார்க்கப் பழகியவர். முப்பது வருடத்துக்கு மேலாக ரீவியில் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த முறை ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் ஜனவரியில் வருகிற ஓர் ஆட்டத்துக்கு நான்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். 300ஆம் இலக்கப் பகுதிகளில், மூலைப் பக்கம், மேலே. அதுதான் கட்டுப்படியானது. அங்கிருந்து ஒன்றும் தெரியாது, பைனாகுலர் கொண்டுபோ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர், கையும் கொஞ்சம் நடுங்கும். 11 வயது மகளும் வருகிறாள். இணையத்தில் 30×60 என்று ஒன்று 40 டொலருக்குக் கண்டேன். கடையில் 12×50 காட்டினார்கள். என்னால் 200 டொலர் வரை போக முடியும். நல்ல பெரிதாகத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எதை வாங்கட்டும்?

பதில்:

தங்கச்சி, அந்த 30×60ஐ இப்போதே மறந்துவிடுங்கள். 12×50உம் வேண்டாம். 6×30 என்று எழுதியிருக்கிற ஒன்றைத் தேடுங்கள். 'பெரிதாகத் தெரிய வேண்டும்' என்று கேட்டவருக்கு ஆகச் சின்ன இலக்கத்தைச் சொல்கிறேனே என்று யோசிப்பீர்கள். இந்தக் கருவிகளை விற்பதும் திருத்துவதும்தான் 22 வருடமாக என் வேலை. 12 மடங்கு வாங்கிப் போனவர்கள் பலர் ஒரு மாதத்தில் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 6 மடங்கு வாங்கியவர்கள் பட்டி அறுந்தால்தான் வருவார்கள்.

முதல் இலக்கம் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் குறுக்களவு மில்லிமீற்றரில். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மடங்கு கூடக்கூட என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்பதைத்தான் கடைகளில் வடிவாகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போடுவோம். தூரத்தை மடங்கால் பிரியுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து தளத்தின் நடு 60 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மடங்கில் பார்த்தால் ஆள் 10 மீற்றரில் நிற்பது போலத் தெரிவார். 8 என்றால் ஏழரை மீற்றர். 12 என்றால் 5 மீற்றர். 60இலிருந்து 10க்கு வருவதுதான் பெரிய பாய்ச்சல். 10 மீற்றரில் முகம் தெரியும், முதுகில் உள்ள பெயரை வாசிக்கலாம், கோல் காக்கிற கோலியின் முகமூடியில் தீட்டியிருக்கிற படம்கூடத் தெரியும். அதற்கு மேல் 5 மீற்றருக்குப் போவதில் கிடைப்பது கொஞ்சம்தான். பறிபோவது பார்வையின் அகலம்.

நல்ல 6×30 ஒன்றில் ஏறத்தாழ 8 பாகை அகலம் இருக்கும். சில கருவிகளில் அதையே '1000 மீற்றரில் 140 மீற்றர்' என்று பொறித்திருப்பார்கள். உங்கள் 60 மீற்றர் தூரத்தில் அது எட்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். சட்டைப் பைக்குள் போகிற சின்ன 10×25 வகைகளில் அகலம் ஐந்தரைப் பாகை அளவில்தான் இருக்கும், 60 மீற்றரில் ஆறு மீற்றர்கூட வராது. 12×50உம் கிட்டத்தட்ட அப்படித்தான். லீஃப்ஸ் விளையாடுகிற என்எச்எல் லீக்கின் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம், அதாவது 61 மீற்றருக்கு 26 மீற்றர். அதற்குள் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் சறுக்குகிற ஒருவர் விநாடிக்கு 10 மீற்றர் போகிறார். உங்கள் ஆறு மீற்றர் வட்டத்துக்குள் இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போக அவருக்கு அரை விநாடி சொச்சம் போதும். நல்லூர்த் தேரை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தால் எப்படி இருக்கும்? வடம் தெரியும், யாரோ ஒருவரின் தோள் தெரியும், தேர் தெரியாது.

நான் இந்தப் பாடத்தைப் படித்தது ஒரு நண்பரின் 10×50ஐ இரவல் வாங்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போன அன்றைக்கு. இந்த வேலைக்கு வந்த புதிது. எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வேறு. நீலக்கோட்டுப் பக்கம் நின்ற ஒரு தடுப்பாட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு 'ஆகா, தாடி மயிர்கூடத் தெரிகிறதே' என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று ஆள் வட்டத்துக்குள் இல்லை. இடது பக்கம் திருப்பினேன், வெறும் ஐஸ். வலது பக்கம் திருப்பினேன், விளம்பரப் பலகை. அதற்குள் 18,000 பேர் ஒரேயடியாக எழும்பிக் கத்துகிறார்கள், கோல் ஹோர்ன் அடிக்கிறது. கருவியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கோல் பக்கம் திருப்பினேன். முன்வரிசையில் எழும்பி நின்ற ஒருவரின் முதுகு, பத்து மடங்கு பெரிதாக, ஜாக்கெற்றில் கடுகுச் சோஸ் கறையோடு தெரிந்தது. அந்தக் கோலை நான் பெரிய திரையில் மறுஒளிபரப்பில்தான் பார்த்தேன்.

அதனால் எந்த பைனாகுலர் வாங்கினாலும் அப்பாவிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பக்கைத் துரத்தக் கூடாது. அது ஏழரைச் சென்ரிமீற்றர் குறுக்கும் இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள கறுப்பு றப்பர் வட்டு. 2012இல் என்எச்எல் ஓல்ஸ்டார் திறன் போட்டியில் ஸ்டேனோ சாரா என்ற தடுப்பாட்டக்காரர் அடித்த அடி மணிக்கு 108.8 மைல், ஏறத்தாழ 175 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வருவது உங்கள் எட்டு மீற்றர் வட்டத்தைத் தாண்ட ஆறில் ஒரு பங்கு விநாடிகூட முழுதாக வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஆட்டம் ஓடும்போது வெறுங்கண்தான் நல்லது. உண்மையில் மேல்மாடியிலிருந்து ஆட்டம் வடிவாகத் தெரியும். ஐந்து பேரும் எங்கே விரிகிறார்கள், எந்தப் பக்கம் வெளியாக இருக்கிறது, யார் ஓடாமல் நின்றுவிட்டார் என்பதெல்லாம் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நிறையக் காசு கொடுத்து இருக்கிறவருக்கு இந்த அளவுக்குத் தெரியாது. ரீவியில் கமெராக்காரர் காட்டுவதை மட்டும் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு இது புதிதாக இருக்கும். 'ஒன்றும் தெரியாது' என்று உங்களுக்குச் சொன்னவர்களை நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

அப்படியானால் பைனாகுலர் எதற்கு? விசில் அடித்த பிறகு பார்ப்பதற்கு. ஆட்டம் நிற்கிற நேரத்தில் பெரிய திரை கடந்துபோனதைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். கீழே உண்மையில் நடப்பதைப் பார்க்க உங்களுக்கு 20, 30 விநாடி கிடைக்கும். ஹொக்கி தெரிந்தவருக்கு அதற்குள் கனக்க இருக்கிறது. ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் ஃபேஸ் ஓஃபுக்கு இரண்டு பேர் குனிகிறார்கள் அல்லவா, அப்போது கையைப் பாருங்கள். தடியில் கீழே பிடித்திருக்கிற கையைத் திருப்பிப் பிடித்தால், பக்கைத் தன் பின்பக்கமாக இழுக்கப் போகிறார் என்று அர்த்தம். தன் கோல் பக்கத்தில் நின்று தடுக்கிறவர்தான் தடியை முதலில் ஐஸில் வைக்க வேண்டும் என்பது விதி. மற்றவர் அதைப் பார்த்துவிட்டு வைப்பார். அந்த ஒரு கண நேரக் களவு ரீவியில் பாதி நாள் தெரியாது. ஒவ்வொரு பகுதி தொடங்குமுன்னும் கோலி தன் முன்னால் உள்ள நீல அரைவட்டத்தைச் சப்பாத்தின் அலகால் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார், வழுக்கிப் போகாமல் நிற்பதற்காக. அதை 6 மடங்கில் பார்த்தால் ஐஸ் தூள் பறப்பதுவரை தெரியும். அப்புறம், வீரர்களின் வாங்கு. 45 விநாடி ஓடிவிட்டு வந்து விழுகிறவரின் முகம், பயிற்றுநர் பின்னால் குனிந்து ஒருவரின் காதில் ஏதோ சொல்வது, தண்டனைப் பெட்டிக்குள் தனியே இருக்கிறவர் கண்ணாடிக்குள்ளால் எதிராளியோடு வாய்ச்சண்டை போடுவது. இவற்றுக்காகத்தான் உங்கள் 200 டொலர்.

இனி அப்பாவின் கண். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. நீங்களோ அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

புரோகிரசிவ் கண்ணாடியின் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பகுதி வாசிப்பதற்கு. மேல்மாடி இருக்கை செங்குத்தானது, ஆட்டம் கால்மாட்டில் நடக்கும். தலையை நேரே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் கீழே இறக்கினால் அப்பா ஹொக்கியை வாசிப்பு லென்ஸுக்குள்ளால் பார்ப்பார். எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும், அதற்கு இருக்கையைத்தான் குறை சொல்வார். நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்கி, கண்ணாடியின் மேல்பாதியால் பார்க்கச் சொல்லுங்கள். பைனாகுலரை வைக்கும்போதும் அப்படித்தான். பழைய தூரக் கண்ணாடி ஒன்று, ஒற்றைப் பவர் உள்ளது, மேசை லாச்சிக்குள் கிடந்தால் அன்றைக்கு அதையே போட்டுக்கொண்டு போகலாம், பவர் பெரிதாக மாறியிருக்காவிட்டால்.

கண்ணாடியோடு பார்க்கிறவருக்கு இன்னொரு அளவு வேண்டும். கண் லென்ஸிலிருந்து ஆகக் கூடியது எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பதை 'ஐ ரிலீஃப்' என்று பெட்டியில் மில்லிமீற்றரில் போடுவார்கள். 15க்குக் கீழே இருந்தால் உங்கள் அப்பாவுக்குச் சரிவராது, நடுவில் ஒரு துண்டுதான் தெரியும். 17, 18 என்றால் நல்லது. கோவா (Kowa) கம்பெனியின் வைஎஃப் 6×30இல் 20 இருக்கிறது. அகலம் 8 பாகை, எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான் கண்ணாடிக்காரர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுப்பது இந்த வகையைத்தான். இதே அளவில் வேறு கம்பெனிகளும் செய்கிறார்கள். பெயரைப் பார்க்காமல் 6×30 அல்லது 6×32, 8 பாகை, 17 மில்லிமீற்றருக்கு மேல் என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் தொகைக்குள்ளோ அதை ஒட்டியோ கிடைக்கும்.

முடிந்தால் அப்பாவையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண் லென்ஸைச் சுற்றியுள்ள றப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடியோடு, கடை வாசலுக்கு வெளியே எங்கேயாவது ஒரு பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டத்தின் விளிம்பு கறுப்பாக, கூராக, முழுதாகத் தெரிய வேண்டும். இரண்டு வட்டம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு படுத்த எட்டுப் போலத் தெரிந்தால் நடு மடிப்பை விரிக்கவோ சுருக்கவோ வேண்டும். சினிமாவில் காட்டுகிற அந்த எட்டு வடிவம், சரியாகப் பிடித்த எந்தப் பைனாகுலரிலும் வராது. அப்பா 'கொஞ்ச நாளாக விளக்கைச் சுற்றி வெளிச்சம் சிதறுகிறது' என்று ஏதும் சொன்னால் பைனாகுலருக்கு முதல் கண் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஒன்ராறியோவில் 65 தாண்டியவர்களின் பரிசோதனைக்கு மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பணம் கொடுக்கிறது. வில்லையில் புகை படிந்த மாதிரி இருக்கிற கண்ணுக்கு எத்தனை மடங்கு கொடுத்தும் பிரயோசனமில்லை.

கை நடுக்கத்துக்கும் சின்ன மடங்குதான் மருந்து. கருவி ஆளை மட்டும் பெரிதாக்குவதில்லை, நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. 12 மடங்கில் பார்த்தால் கை நடுங்காத எனக்கே படம் ஆடும். அத்தோடு அந்த 12×50 ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், இரண்டரை மணி நேரம் யார் தூக்குவது? முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வைத்து, பெருவிரல்களைக் கன்ன எலும்பில் ஊன்றி, முதுகை இருக்கையில் சாய்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். பாதி நடுக்கம் அதிலேயே அடங்கிவிடும்.

நடுக்கத்தைத் தானே அடக்குகிற வகை ஒன்று இருக்கிறது, கனன் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் படம் அப்படியே உறைந்தது போல நிற்கும். கையில் கொடுத்தால் எல்லோரும் ஒருமுறை 'ஆ' என்பார்கள். கடையில் நான் இருபது வருடமாகக் கேட்கிற 'ஆ' அது. ஆனால் 10×30 ஐஎஸ் வாங்க உங்கள் 200ஐச் சில மடங்கு தாண்ட வேண்டும், பற்றரி வேறு போட வேண்டும், அகலமும் 6 பாகைதான். ஒரு நாள் ஆட்டத்துக்கு அது தேவையில்லை. அப்பாவின் நடுக்கம் கூடியிருந்து, அவர் பறவை பார்க்கிறவராகவும் இருந்தால் வேறு கதை.

சின்ன மடங்கில் இன்னொரு வசதி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபோகஸ் எவ்வளவு பொறுத்துப்போகிறது என்பது மடங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6ஐ 6ஆல் பெருக்கினால் 36, 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, நாலு மடங்கு வித்தியாசம். அதனால் 6 மடங்குக் கருவியைத் தளத்தின் நடுவுக்கு ஒருமுறை ஃபோகஸ் செய்தால் இந்தப் பக்கக் கோலும் அந்தப் பக்கக் கோலும் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். 12 மடங்கில் கிட்ட உள்ள கோலிலிருந்து எட்ட உள்ள கோலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைத் திருக வேண்டும். நடுங்குகிற விரலால்.

'50 மில்லிமீற்றர் என்றால் வெளிச்சம் கூடத் தருமே' என்று கடையில் சொல்லியிருப்பார்கள். இரவில் நட்சத்திரம் பார்ப்பதற்கு அது சரி. இந்த அரங்குகளில் ரீவிக்காக வெள்ளை வெளேரென்று விளக்குப் போட்டிருப்பார்கள், கீழே ஐஸ் அதைத் திருப்பி அடிக்கும். அந்த வெளிச்சத்தில் கண்மணி சுருங்கித்தான் இருக்கும், 71 வயதில் இன்னும் சின்னதாக. இரண்டாவது இலக்கத்தை முதல் இலக்கத்தால் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 6×30இல் அது 5 மில்லிமீற்றர், 12×50இல் 4 சொச்சம். கண் எடுப்பது 3 அளவில்தான். மிச்சம் வீணாகப் போகாது. கை கொஞ்சம் ஆடினாலும் கண் வட்டத்துக்கு வெளியே விழாமல் இருக்க அந்த மிச்சம் உதவும். சின்ன 10×25இல் வட்டம் இரண்டரை மில்லிமீற்றர்தான். அதனால்தான் அதை வைத்துக்கொண்டு அடிக்கடி 'ஐயோ, இருட்டாகிவிட்டதே' என்று எடுத்து எடுத்து வைப்பார்கள்.

சரி, அந்த 40 டொலர் 30×60. இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு பெரியவர் அப்படி ஒன்றை 'பழுதாகிவிட்டது, 30 மடங்கு காட்டுதில்லை' என்று கொண்டுவந்தார். பழுது ஒன்றுமில்லை. கருவியைக் கையெட்டும் தூரத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் கண் லென்ஸுக்குள் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அடிமட்டத்தை வைத்து அளந்தோம், 3 மில்லிமீற்றர். சொன்ன இலக்கம் உண்மையென்றால் 60ஐ 30ஆல் பிரித்து 2 வர வேண்டும். பிறகு முன் லென்ஸ். 60 என்று எழுதியிருந்த இடத்தில் கண்ணாடி 22 மில்லிமீற்றர்தான், மற்றதெல்லாம் கறுப்புப் பிளாஸ்ரிக் வளையம். 22ஐ 3ஆல் பிரியுங்கள், ஏழு மடங்கு சொச்சம். லென்ஸில் மாணிக்கச் சிவப்பில் பூச்சு வேறு. அந்தச் சிவப்பு பார்க்க விலையுயர்ந்தது போல இருக்கும். ஆனால் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே ஐஸ் முழுக்கப் பச்சை பூசின மாதிரித் தெரியும். நான் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் அடிமட்டத்தைத் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். உண்மையாகவே 30 மடங்காக இருந்தால் முக்காலி இல்லாமல் அதைக் கையில் பிடிக்கவே முடியாது என்பது வேறு. 8-24 என்று கோடு போட்டு எழுதியிருக்கிற சூம் வகைகளையும் தொட வேண்டாம். குறைந்த மடங்கில் அகலம் மிகவும் ஒடுங்கிவிடும், நமக்கோ குறைந்த மடங்குதான் தேவை.

மகளுக்கு? 11 வயதுப் பிள்ளையின் இரண்டு கண்ணுக்கும் இடைவெளி பெரியவர்களை விடக் குறைவு. மடிப்பை முழுதாகச் சுருக்கியும் அவளுக்கு ஒற்றை வட்டம் வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அப்பாவும் அவளும் மாறி மாறிப் பார்ப்பதானால், வலது கண் லென்ஸில் உள்ள திருத்த வளையத்தை நடுவில், பூச்சியத்தில், வைத்துவிடுங்கள். கண்ணாடி போட்ட அப்பாவுக்கும் கண் நல்லாக உள்ள பிள்ளைக்கும் அது அநேகமாகப் பொருந்தும், நடுச் சக்கரத்தை மட்டும் கொஞ்சம் திருகினால் போதும். அவளுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் பென்டக்ஸின் பப்பிலியோ 6.5×21 நல்லது. 300 கிராம்கூட இல்லை, அகலம் ஏழரைப் பாகை. அரை மீற்றர் தூரத்தில் உள்ளதைக்கூடத் தெளிவாகக் காட்டும் என்பதால் ஹொக்கி முடிந்த பிறகு கோடையில் வண்ணத்துப்பூச்சி, எறும்பு, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற தக்காளிப் பூ எல்லாம் பார்க்கலாம். ஐ ரிலீஃப் 15 என்பதால் அப்பாவுக்கு அது இரண்டாம் பட்சம். அவளுக்கு ஹொக்கி பிடித்துவிட்டால் பெண்கள் லீக்கான பிடபிள்யூஎச்எல் ஆட்டத்துக்கும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த லீக்கின் முதல் ஆட்டமே 2024 ஜனவரி 1ஆம் திகதி ரொறொன்ரோவில்தான் நடந்தது, பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள். அப்பாவுக்கு அந்தக் கட்டடம் ஞாபகம் இருக்கும். இப்போது கீழே மரக்கறி விற்கிறார்கள், மேலே ஐஸ் இருக்கிறது. அந்த லீக்கின் ரொறொன்ரோ அணியான ஸெப்ரர்ஸ் இப்போது விளையாடுகிற கோகோ கோலா கொலிசியம் சின்ன அரங்கு, அங்கே பைனாகுலரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

மொன்றியலில் பெல் சென்ரரின் உச்சிக்குப் போகிறவர்கள் 8×32 வரை போகலாம் என்று நான் சொல்வதுண்டு, அகலம் 8 பாகைக்குக் குறையாமல் இருந்தால். அது என்எச்எல் அரங்குகளிலேயே ஆகப் பெரியது, 21,000 பேர் கொள்ளும். உங்கள் இருக்கைக்கு 6 போதும்.

மூலைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோல்களுக்குப் பின்னால் மேலே வலை தொங்கும். 2002இல் கொலம்பஸில் பக் பட்டு ஒரு சிறுமி இறந்த பிறகு எல்லா என்எச்எல் அரங்குகளிலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். சில மூலை இருக்கைகளில் அது பார்வைக்குக் குறுக்கே வரும். முதல் பத்து நிமிடம் தொந்தரவாக இருக்கும், பிறகு கண் அதை மறந்துவிடும். பைனாகுலரில் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால் வலை கரைந்து இல்லாமலே போய்விடும்.

ஜனவரிக் குளிரை மறக்க வேண்டாம். வெளியே மைனஸ் பதினைந்தில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு என்ன ஆகுமோ அதுதான் பைனாகுலருக்கும். 'நீர் புகாதது, நைட்ரஜன் அடைத்தது' என்று போட்டிருப்பது உள்ளே பனி பிடிக்காமல் இருக்கத்தான், வெளி லென்ஸை அது காப்பாற்றாது. கைப்பையில் வைக்காமல் ஜாக்கெற்றுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போங்கள். பனி பிடித்தாலும் சட்டை நுனியால் துடைக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள், தானாகப் போய்விடும். பெட்டி, உறை எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பை அளவு பற்றிய விதிகளை அரங்குகள் மாற்றிக்கொண்டே இருப்பதால் முதல் நாள் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கு முதல் இரண்டு அணியும் சூடேற்ற ஐஸில் இறங்கும். அந்த நேரத்துக்கு இருக்கையில் இருங்கள். அதுதான் பழகுகிற நேரம். எல்லோரும் வட்டமாகச் சுற்றுவார்கள், அவசரமில்லை. முதலில் வெறுங்கண்ணால் ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கருவியைக் கண்ணில் வைத்துவிட்டு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். 34ஆம் இலக்கச் சட்டைக்காரரை, ஒஸ்ரன் மத்யூஸை, அவர் அன்று விளையாடினால், அப்பா தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் காட்டிக் கொடுக்க வேண்டாம். 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொடாத அணிக்காக இத்தனை வருடம் விழித்திருந்தவர், 34 எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம், பட்டியைக் கழுத்தில் போட்டே தீர வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன் என்பார், விடாதீர்கள். அந்த மேல்மாடியில் உங்கள் முழங்காலுக்கு நேரே முன்வரிசைக்காரரின் தலை இருக்கும். லீஃப்ஸ் கோல் போட்டால் அப்பா எழும்பாமல் இருக்கப் போவதில்லை, அரைக் கிலோ பைனாகுலரும் மடியில் இருக்கப் போவதில்லை.